மொட்டைமாடி அறையில் எச்ஓ அளவு மாடல் ரயில் தண்டவாளம் நெளியுது

கேள்வி (காரைக்குடி): 914 மி.மீ. ஃப்ளெக்ஸ் (வளைக்கக்கூடிய) தண்டவாளத் துண்டுகள், இணைப்பு எல்லாத்துக்கும் சால்டர் (ஈயப்பற்று) வச்சாச்சு. சித்திரை வெயில்ல நேர்ப்பாதை நெளிஞ்சு, பெட்டிகள் தடம்புரளுது. என்ன பண்ணலாம்?

பதில் 1: சால்டர்தான் வினை, தம்பி. 20 டிகிரி ஏறினா நிக்கல் சில்வர் உலோகத் தண்டவாளத் துண்டு சுமார் 0.3 மி.மீ. நீளும், போக இடமில்லாம நெளியும். நேர்ப்பாதையில ஒண்ணுவிட்டு ஒரு இணைப்புல சால்டரை எடுத்து, விடியக்காலை குளிர்ச்சியில 1 மி.மீ. இடைவெளி விடுங்க. மின்சாரத்துக்கு ஜாயினரை (துண்டுகளை இணைக்கிற உலோகக் கவ்வியை) நம்பாம துண்டுக்குத் துண்டு ஃபீடர் ஒயர் (மின்சாரம் கொண்டுவர்ற ஒயர்) கொடுங்க. வளைவுல சால்டர் இருக்கட்டும். எடுத்தா இணைப்பு வெளிப்பக்கமா மூக்கு நீட்டும்.

பதில் 2: தண்டவாளத்துக்கு அடியில இருக்கிற பிளைவுட்டையும் பாருங்க. ஐப்பசி ஈரத்துல ஊதும். ரெண்டு பக்கமும் விளிம்பும் வார்னிஷ். ஒரு பக்கம் மட்டும் அடிச்சா பலகையே வளைஞ்சிடும்.

பதில் 3: இதெல்லாம் எதுக்கு? கீழே வளவை (உள்முற்றத்தை) ஒட்டின அறைக்கு இறக்கிடுங்க. தடிச்ச சுவர், ஆத்தங்குடிக் கல்லு, சூடே ஏறாது.