பாத்ரூம் சுவருக்குள் பைப் கசிகிறது, இடம் தெரியவில்லை

தருமபுரி, பென்னாகரம் ரோடு பக்கம் வீடு. 2014-ல் கட்டியது. பாத்ரூமில் முக்கால் இஞ்ச் சிபிவிசி பைப், எல்லாம் சுவருக்குள்ளே. போர் தண்ணீர்தான், நல்ல உப்பு.

பத்து நாளாக பாத்ரூமை ஒட்டிய ஹால் சுவர் முழங்கால் உயரத்துக்கு ஊறிப்போய் இருக்கிறது. பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பி நிற்கிறது, விரலால் தொட்டால் பூச்சு மாவாக உதிர்கிறது.

இரவு குழாய் எதையும் திறக்காமல் டேங்கில் குச்சி விட்டு அளந்தேன். விடிவதற்குள் நாலு விரல் இறங்கிவிட்டது. மாடியில் பாத்ரூம் லைன் வால்வை மூடினால் இறங்கவில்லை. ஹீட்டருக்குப் போகிற ஆங்கிள் வால்வை மட்டும் மூடினேன், அப்போதும் இறங்கியது. அதனால் சுடுதண்ணீர் லைன் இல்லை என்று நினைக்கிறேன். ஃபிளஷ் டேங்கில் நீலம் கலந்து பார்த்தேன், கோப்பையில் நிறம் இறங்கவில்லை. டைல்ஸ் இடுக்கில் ஒயிட் சிமென்ட் பூசியதும் வீண். சுவரில் டம்ளரைக் கவிழ்த்துக் காது வைத்துக்கூடக் கேட்டாயிற்று (வீட்டில் சிரித்தார்கள்).

இரண்டு பிளம்பர் வந்தார்கள். ஒருவர் மொத்த டைல்ஸையும் உடைக்கணும் என்கிறார். இன்னொருவர் பழைய லைனை விட்டுவிட்டு வெளியே புது லைன் இழுக்கலாம் என்கிறார். அந்த டைல்ஸ் டிசைன் இப்போது கடையில் இல்லை. இப்போதைக்கு வால்வை மூடிவிட்டு, குளிக்கும்போது மட்டும் திறக்கிறோம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சுவரை உடைக்காமல் கருவி வைத்துக் கசிவு இடத்தைக் கண்டுபிடித்துத் தருபவர் யாராவது இருக்கிறார்களா?