மறு: ‘கவோத் ஷபாத்’, ‘ஓனெக் ஷபாத்’: கனமா, சீரா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

இரண்டு நாள் அஞ்சலைத் திறக்கவில்லை, அதற்குள் இழை முப்பது மடலைத் தாண்டிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினால் என் கையேடு அச்சுக்கே போகாது. ஒரே மடலில் சொல்லிவிடுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: யூத வழக்கங்கள் பற்றிய சிறு கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். யூதர்களின் வாராந்தர ஓய்வுநாளான ஷபாத் வெள்ளிக்கிழமை சூரியன் சாய்வதற்குச் சற்று முன்பு தொடங்கும், சனிக்கிழமை இரவு விண்மீன் தெரிந்த பிறகு முடியும். அன்று எதைச் செய்யக் கூடாது என்ற பக்கத்தை எழுதி முடித்துவிட்டேன். எதைச் செய்ய வேண்டும் என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் தம் சட்டத் தொகுப்பில் ஷபாத்துக்கு நான்கு கடமைகள் சொல்கிறார். நினைவுகூர்தலும் காத்தலும் மோசேயின் ஐந்து நூல்களான தோராவிலிருந்து வருபவை. கவோத் (நாளை மதித்தல்), ஓனெக் (நாளை அனுபவித்தல்) ஆகிய மற்ற இரண்டும் தீர்க்கதரிசி ஏசாயாவின் வாக்கை (58:13) வைத்து அறிஞர்கள் வகுத்தவை. எனக்குச் சொல் வேண்டியது இந்த இரண்டுக்கும்.

> தமிழ் பைபிளில் ஏற்கெனவே இருக்குமே, அதையே எடுத்துக்கொள்ளலாமே?

பார்த்தேன் அம்மா. பழைய மொழிபெயர்ப்பில் அந்த வசனத்தில் ‘மனமகிழ்ச்சியின் நாள்’, ‘மகிமையுள்ள நாள்’ என்று இருக்கிறது. வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது, கலைச்சொல்லாக நிற்காது. மகிமை அந்த நாளிடம் இருப்பது. கவோத் நாம் அந்த நாளுக்குச் செய்வது. வெள்ளிக்கிழமை வெந்நீரில் முகம் கை கால் கழுவுவது, வெளுத்த துணி உடுத்துவது, மேசை விரிப்பது, படுக்கையைத் தட்டிப் போடுவது, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பசி இருக்க வேண்டும் என்று பகலில் விருந்து சாப்பிடாமல் இருப்பது, எல்லாம் கவோத். மனமகிழ்ச்சியிலும் சிக்கல் உண்டு. பண்டிகைகளுக்கு ‘ஸிம்ஹா’ என்று வேறொரு கடமை இருக்கிறது. மகிழ்ச்சி என்ற சொல்லை அதற்கு விட்டுவைக்க வேண்டும். சட்டமே பிரித்து வைத்திருப்பதை நாம் ஒரே பானையில் கொட்டக் கூடாது.

18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத அறிஞர் வில்னா காவோன் இதைச் சுருக்கமாகப் பிரித்துவிட்டார். கவோத் முந்தின நாளில் செய்வது, ஓனெக் அந்த நாளிலேயே அனுபவிப்பது. நாம் போடும் சொற்களையும் இதில் உரசிப் பார்க்கலாம் என்பது என் யோசனை.

நான் முதலில் முன்வைத்தது ‘கனம்’. எபிரேயத்தில் கவோத் என்ற சொல்லின் வேருக்கு அடிப்படைப் பொருள் பாரம். பத்துக் கட்டளைகளில் தாய் தகப்பனைக் ‘கனம்பண்ணுவாயாக’ என்று வருகிறதே, அங்கேயும் அதே வேர்தான். எடையும் மரியாதையும் ஒரே சொல்லில் இரண்டு மொழியிலும் இருக்கின்றன என்று கண்டதும் அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. அப்புறம்தான் இது வந்தது:

> கனம் வடசொல். கூடவே ‘தலைக்கனம்’ வேறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்’ என்கிறாரே வள்ளுவர், அந்தச் ‘சீர்’ போதாதா?

வடசொல் என்பதற்காக நான் எதையும் தள்ளுகிறவன் இல்லை, அது ஐயாவுக்கே தெரியும். ஆனால் சீர் என்று படித்ததும் கனத்தைக் கீழே வைத்துவிட்டேன். சீர்தூக்குவதில் எடை இருக்கிறது, சீரும் சிறப்பும் என்பதில் மதிப்பு இருக்கிறது. இதுவரை கனத்துக்குச் சமம். மேலே ஒன்று உண்டு, சீர்வரிசை. ஷபாத்தை மணப்பெண்ணாகப் பார்ப்பது யூத மரபில் மிகப் பழையது. ரப்பி யன்னாய் வெள்ளி மாலை நல்ல துணி உடுத்திக்கொண்டு ‘வா மணப்பெண்ணே’ என்று அழைப்பாராம், பழைய யூத அறிஞர்களின் விவாதத் தொகுப்பான தல்மூதில் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் ஸஃபேத் ஊரில் ஷ்லோமோ அல்கபெத்ஸ் எழுதிய ‘லெகா தோதி’ பாட்டும் மணப்பெண்ணை எதிர்கொள்ளும் பாட்டுத்தான். இன்றும் தொழுகைக்கூடத்தில் அதன் கடைசிச் சரணம் வரும்போது கூட்டம் முழுக்க வாசல் பக்கம் திரும்பிக் குனிகிறது. பெண்ணுக்கு முன்கூட்டியே சேர்த்து வைப்பதற்கு நம்மிடம் இருக்கும் சொல் சீர். வில்னா காவோன் சொன்ன ‘முந்தின நாள்’ சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது!

தல்மூதில் இன்னொரு பட்டியலும் உண்டு. ஷபாத்துக்காகத் தம் கையாலேயே வேலை செய்த அறிஞர்களின் பட்டியல். ராவ் ஹிஸ்தா காய் நறுக்கினார். ராபாவும் ராவ் யோசேப்பும் விறகு பிளந்தார்கள். ராவ் பாப்பா திரி திரித்தார். ராவா ‘ஷிபூத்தா’ மீனுக்கு உப்புத் தடவினார். எல்லாரும் பெரிய தலைகள். எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் ஒரு வேலையாவது கையால் செய்ய வேண்டும் என்று மைமோனிடிஸ் இதிலிருந்துதான் சட்டம் எடுக்கிறார். கல்யாண வீட்டில் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே தட்டுத் தூக்கி வருவாரே, அதே பாவனை.

> சீர் என்றாலே எனக்குப் பெண்ணைப் பெற்றவர் வாங்கிய கடன்தான் நினைவுக்கு வருகிறது. அந்தச் சொல் வேண்டாமே.

அக்கா, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம், இந்தக் கவலை அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ‘என் பெயரில் கடன் வாங்கி நாளைக் கொண்டாடுங்கள், நான் அடைக்கிறேன்’ என்று கடவுள் சொல்வதாகத் தல்மூதில் ஓரிடத்தில் வருகிறது. பிறர் கையை எதிர்பார்ப்பதைவிட உன் ஷபாத்தைச் சாதாரண நாளாக ஆக்கிக்கொள் என்கிறார் ரப்பி அகிவா இன்னோரிடத்தில். இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்று உரைகாரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். சீர் என்ற சொல்லுக்குள் அந்த உறுத்தல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைக்கிறேன். நீங்கள் ஒப்பவில்லை என்றால் எழுதுங்கள்.

வினையாக்கும்போது ஒரு எச்சரிக்கை. ‘ஓய்வுநாளைச் சீர்செய்தல்’ என்று எழுதினால் ஏதோ பழுது பார்க்கிற மாதிரி ஆகிவிடும். பெண்ணுக்குச் சீர் செய்கிறோம், குழாயைச் சீர்செய்கிறோம். ஆகவே ‘ஓய்வுநாளுக்குச் சீர் செய்தல்’. நாலாம் வேற்றுமை காப்பாற்றிவிட்டது.

> ஓய்வுநாள் எதற்கு, ‘சப்பாத்து’ என்றே எழுதலாமே?

இதற்கு யாழ்ப்பாணத்து நண்பர் அடுத்த மடலிலேயே பதில் போட்டுவிட்டார், அங்கே சப்பாத்து என்றால் காலணி. சப்பாத்தைக் கனம்பண்ணுவது நன்றாக இருக்காது. ‘விரதநாள்’ என்ற யோசனையும் சரிவராது. நம்மில் பலர் சனிக்கிழமை விரதம் இருப்போம், யூதர்களோ யோம் கிப்பூர் என்ற நோன்பு நாள் அன்று வந்தாலொழிய ஷபாத்தில் பட்டினி இருக்கக் கூடாது, மூன்று வேளை சாப்பிட்டே ஆக வேண்டும். கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்த பெனே இஸ்ரேல் யூதர்களை ஊரார் ‘சனிவார் தேலி’ என்றார்கள், சனிக்கிழமை செக்கு ஓட்டாதவர்கள் என்பதால். நம் பேச்சில் சனிக்கிழமை வாணியர். கலைச்சொல் குழு எதுவும் கூடாமல் பிறந்த பெயர், அதனால்தான் இவ்வளவு பொருத்தம்.

சரி, ஓனெக். ‘துய்ப்பு’ என்று இருவர் எழுதியிருந்தீர்கள். உணவையும் உள்ளடக்கும் சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் ‘துய்ப்பேம் எனினே தப்புந பலவே’ என்ற புறநானூற்று அடி காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. அங்கே துய்ப்பு, ஈகைக்கு எதிரில் நிற்கிறது. ஓனெக்கில் அந்தக் குறை தொனிக்கக் கூடாது, அது கடமை. என் வாக்கு ‘இன்பம்’ பக்கம்.

> இன்பம் என்றால் இன்பத்துப்பால் அல்லவா நினைவுக்கு வரும்?

வரட்டும் ஐயா! கணவன் மனைவி கூடுவதும் ஷபாத்தின் ஓனெக்கில் சேர்த்தி என்று மைமோனிடிஸ் வெளிப்படையாகவே எழுதுகிறார். கொழுப்பான உணவு, வாசனை ஊட்டிய பானம், துணையோடு கூடல், எல்லாம் ஒரே தலைப்பின் கீழ். கீரைக் கறி, பெரிய மீன், முழுப் பூண்டு என்று தல்மூத் தரும் உணவுப் பட்டியலும் அதில் அடங்கும். மகிழ்ச்சி மனத்தோடு நின்றுவிடும். இன்பத்துக்கு உடம்பு வேண்டும். நீங்கள் குறையாகச் சொன்னதுதான் இந்தச் சொல்லுக்கு என்னிடம் இருக்கும் முதல் சான்று.

இரண்டு சொல்லையும் விளக்கு ஏற்றுவதில் வைத்துச் சோதித்தேன். வெள்ளி மாலை, வழக்கமாகச் சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பு, எருசலேமில் 40 நிமிடம் முன்பு ஏற்றுகிறார்கள். இது சீரா, இன்பமா? மைமோனிடிஸ் ஓரிடத்தில் இதை ஓனெக் என்கிறார், சாப்பிட ஒன்றும் இல்லாதவன்கூட வாசல் வாசலாகக் கேட்டு எண்ணெய் வாங்கி ஏற்ற வேண்டும் என்கிறார். 30ஆம் அதிகாரத்தில் மேசை, படுக்கையோடு சேர்த்து இதே விளக்கைக் கவோத் என்கிறார். ஏற்றி வைப்பது சீர், அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது இன்பம் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு பத்தியிலும் விளக்கைப் போட்டிருக்கிறேன்.

ஒரு நண்பர், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவைப் பற்றிக் கேட்டிருந்தார். இமானுவேல் ரிங்கல்ப்ளும் 1940இல் தொடங்கிய ரகசிய ஆவணக் குழு சனிக்கிழமைகளில் கூடியதால் ‘ஓய்னெக் ஷபேஸ்’ (ஓனெக் ஷபாத்தின் இத்திஷ் உச்சரிப்பு) என்று மறைபெயர் வைத்துக்கொண்டது. தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் அவர்கள் புதைத்த தாள்களில் ஒரு பகுதி 1946இலும் இன்னொன்று 1950இலும் மண்ணிலிருந்து கிடைத்தன. அதை ‘ஓய்வுநாள் இன்பம்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அது ஒரு பெயர், பெயராகவே இருக்கட்டும்.

கடைசியாக ஒரு உதவி. பேனா, பணம் மாதிரி ஷபாத்தில் கையில் எடுக்கக் கூடாத பொருளுக்கு ‘முக்ஸே’ என்று பெயர், ஒதுக்கி வைத்தது என்று பொருள். ‘தீண்டாப்பொருள்’ என்று வரைவில் எழுதிவிட்டு மறு நிமிடமே அடித்தேன். ‘விலக்கு’ என்றால் வீட்டு விலக்கு நினைவுக்கு வருகிறது, ‘ஒதுக்கம்’ என்றால் ஊர் ஒதுக்கிவைப்பது. பேனாவையும் காசையும் எடுக்காதே என்று சொல்ல, யாரையும் குத்தாத சொல் ஒன்று இருந்தால் புதன்கிழமைக்குள் அனுப்புங்கள்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்