எதிர்சேவை இரவு, மொட்டைமாடிச் சாப்பாடு

(குழு: நம் வீடு)

*செவ்வாய்*

நான், இரவு 8.10
எல்லோருக்கும் வணக்கம். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க என் அலுவலகத் தோழிகள் இருவரும் ஒருத்தியின் கணவரும் பெங்களூரிலிருந்து வருகிறார்கள். இறங்குவதற்கு முந்தின நாள், எதிர்சேவை அன்று இரவு தல்லாகுளம் வீட்டு மொட்டைமாடியில் சாப்பாடு. நம்மவர்களையும் சேர்த்துப் பதினாறு பேர். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று பேரும் வீகன்.

பெரியம்மா, 8.14
சைவம்தானே கண்ணு? அன்றைக்கு நம் வீட்டிலும் கவிச்சி கிடையாது. பிறகென்ன?

நான், 8.16
சைவம்தான், ஆனால் பாலும் கிடையாது பெரியம்மா. தயிர், மோர், வெண்ணெய், நெய், பன்னீர், முட்டை, தேன் எதையும் தொட மாட்டார்கள்.

மாமா, 8.19
தமிழில் நனிசைவம் என்று எழுதுகிறார்கள். வீகன் என்ற சொல் 1944இல் இங்கிலாந்தில் பிறந்தது. பால் சாப்பிடுகிற சைவர்கள் வேறு, தாங்கள் வேறு என்று சொல்ல அவர்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது.

பெரியம்மா, 8.25
பருப்புக்கு நெய் இல்லை, கடைசியில் மோர் இல்லை என்றால் விருந்தாளியை அரை வயிற்றோடு எழுப்பிவிட்டது போல இருக்குமே. எனக்கு மனது கேட்கவில்லை.

மாமா, 8.27
மூன்று பேருக்கு மட்டும் தனியாகச் சமைத்துவிடலாம். ஒரு குக்கர் சாதம், ஒரு குழம்பு. மற்றவர்களுக்கு வழக்கம் போல.

நான், 8.41
வேண்டாம் மாமா. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

போன தை மாதம் ஒரு வரவேற்பு விருந்துக்குப் போயிருந்தோம். இப்போது கணவரோடு வருகிற தோழி என் பக்கத்து இலை. ‘நெய் சேர்க்காதது எது?’ என்று பரிமாறியவரிடம் கேட்டாள். அவர் காய்கறி பிரியாணியைக் காட்டி, ‘இதில் வெறும் எண்ணெய்தான்’ என்றார். பாதி சாப்பிட்டிருப்பாள். அடுத்த வாளியோடு வந்தவர், ‘நெய் வாசம் தூக்கலாக இருக்கிறதா?’ என்று பெருமையாகக் கேட்டார். அவள் கை அப்படியே நின்றுவிட்டது. சத்தம் போடவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்தாள். சமையல் பொறுப்பாளர் வந்து, ‘ஒரு சொட்டுதானே, உடம்புக்கு நல்லதுதான்’ என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன். அதுதான் அவளுக்கு அன்றைய இரவுச் சாப்பாடு. எட்டு வருடமாகக் காப்பாற்றிய ஒன்று அவளுக்குத் தெரியாமலேயே போய்விட்டது.

தனிப் பாத்திரத்தில் தனிச் சமையல் என்றால் அவர்கள் ஒவ்வொரு கரண்டியையும் பார்த்துப் பார்த்து, கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டியிருக்கும். நம் வீட்டு மாடியில் அவள் எந்தப் பாத்திரத்தைத் திறந்தாலும் பயமில்லாமல் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். அதனால் பதினாறு பேருக்கும் ஒரே சமையல். நெய்ச் செம்பும் தயிர்ச் சட்டியும் மட்டும் தனி ஸ்டூலில், தனிக் கரண்டியோடு இருக்கட்டும். வேண்டியவர்கள் போய் ஊற்றிக்கொள்ளலாம்.

அம்மா, 8.50
அப்படியே செய்வோம். புளியோதரை, வாழைப்பூ வடை, வாழைத்தண்டுப் பொரியல், வத்தல், மோர்மிளகாய், பருப்புப் பாயசம். இதில் பால் சமாச்சாரமே இல்லை. பாயசத்துக்கும் தேங்காய்ப்பால்தான்.

சித்தி, 8.52
அக்கா, வாழைப்பூவை ஆய்ந்து எதில் போடுவாய்?

அம்மா, 8.52
மோரில்.

அம்மா, 8.53
அட, ஆமாம்.

சித்தி, 8.58
தண்டும் அப்படித்தான். நம் கை பழக்கத்தில் தானாக மோரை ஊற்றிவிடும். கறுக்காமல் இருக்க ஒரு புளிப்பு வேண்டும், அவ்வளவுதான். தண்ணீரில் அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் போதும். மோர்மிளகாயில் பெயரிலேயே மோர் இருக்கிறது, அதை எடுத்துவிடு. கூழ்வடகம் பெரியக்கா காய்ச்சியதா?

பெரியம்மா, 9.03
என்னுடையதுதான். புளித்த மோர் ஊற்றித்தான் காய்ச்சினேன். ஜவ்வரிசி வடகத்துக்கு எலுமிச்சை பிழிந்திருக்கிறேன், மோர் படவில்லை. அதைக் கொண்டு வருகிறேன்.

சித்தி, 9.05
பாயசத்துக்கு முந்திரியை நெய்யில் வறுக்கிற வேலையும் வேண்டாம். தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறித் தேங்காய் எண்ணெயில் சிவக்க வறுத்துக் கொட்டு. வெல்லத்தோடு அதுதான் சேரும்.

தம்பி, 9.10
சாயங்காலம் கொறிக்க பேக்கரியில் பன்னும் பிஸ்கட்டும் வாங்கி வரவா? பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறது.

நான், 9.15
பச்சைப் புள்ளி போதாதுடா. பாலும் தேனும் கலந்ததற்கும் அதே பச்சைப் புள்ளிதான் போடுவார்கள். வீகன் பொருளுக்கு 2022இல் வந்த விதிப்படி வேறு முத்திரை உண்டு, ‘வி’ எழுத்தும் துளிரும் சேர்ந்திருக்கும். அது இல்லாவிட்டால் சேர்மானப் பட்டியலைப் படி. மில்க் சாலிட்ஸ் என்று ஒரு வரி பல பிஸ்கட்டில் இருக்கும். பன்னிலும் பால் பவுடர் சேர்ப்பதுண்டு. அதைவிட நுங்கு வாங்கி வா. சித்திரையில் நுங்கை விட்டுவிட்டு யாராவது பன் சாப்பிடுவார்களா?

*வியாழன்*

சித்தி, காலை 6.35
[படம்: மண்சட்டியில் வெள்ளைத் தயிர், ஓரத்தில் பச்சைக் காம்புகள்]
பெரியக்கா, உங்கள் மோர்க் கவலைக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது. இது நிலக்கடலைத் தயிர்.

பெரியம்மா, 6.37
கடலையில் தயிரா? எப்படி உறைந்தது?

சித்தி, 6.49
ஒரு டம்ளர் கடலையை நேற்றுக் காலையில் ஊறவைத்தேன். சாயங்காலம் தோலை உரித்து, நான்கு டம்ளர் தண்ணீர் விட்டு அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்தேன். அடுப்பில் கை எடுக்காமல் கிளற வேண்டும், ஒரு நிமிடம் திரும்பினாலும் அடி பிடிக்கும். விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறியதும் பச்சைமிளகாயின் காம்பைக் கிள்ளி, பாவாடை போல இருக்குமே அந்தப் பச்சைக் குல்லாயோடு எட்டுக் காம்பு போட்டு மூடிவைத்தேன். பாலுக்கும் உறைமோர் இல்லாதபோது நம் பாட்டி இதைத்தானே செய்வார்கள். காலையில் திறந்தால் உறைந்திருக்கிறது. கொஞ்சம் நெகிழ்வுதான். இதையே உறையாக ஊற்றி இன்னொரு முறை வைத்தால் கெட்டிப்படும். கடலை வாசம் இருக்கிறது. கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்துச் சாதத்தில் பிசைந்தேன், வாசம் அடங்கிவிட்டது.

பெரியம்மா, 6.55
நெஞ்சு குளிர்ந்தது. இலை நிறைந்துவிடும்.

அம்மா, 6.56
அரைக் கிலோ கடலையாகப் போடு. கோவையிலிருந்து சட்டியைத் தூக்க வேண்டாம், இங்கே வந்து உறை ஊற்று.

அத்தை, 7.20
எல்லாம் சரிதான் மதினி. வருகிறவர்களில் நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர் உண்டா என்று கேட்டீர்களா? பாலை எடுத்துவிட்டால் நாம் எல்லோருமே கடலை, முந்திரி என்றுதான் போவோம். என் வகுப்பில் ஒரு பையன் ஒரு கடலை மிட்டாயைக் கடித்துவிட்டு உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். பணி ஓய்வு பெற்ற பிறகும் அந்த மத்தியானம் மறக்கவில்லை.

நான், 7.22
கேட்கவில்லை அத்தை. இப்போதே கேட்கிறேன்.

நான், 7.48
தோழியின் கணவருக்கு நிலக்கடலை ஆகவே ஆகாது. ஊசி மருந்து எப்போதும் பையில் வைத்திருப்பாராம். ‘தொந்தரவு கொடுக்க வேண்டாம், வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தோம்’ என்கிறாள். முந்திரியும் தேங்காயும் எள்ளும் மூவருக்கும் சரி. அத்தை, நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் அன்று இரவு என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கை நடுங்குகிறது.

சித்தி, 7.50
சட்டியை அப்படியே இங்கே வைத்துவிட்டு வருகிறேன். பை, துணி எதிலும் கடலை படாமல் பார்த்துக்கொள்கிறேன்.

அத்தை, 7.58
தயிரை விடுங்கள், எண்ணெயைப் பாருங்கள். நம் வீட்டில் வடை சுடுவது செக்குக் கடலை எண்ணெயில். செக்கில் ஆட்டியதில் கடலையின் சத்து ஒட்டிக்கொண்டு வரும், ஒவ்வாமை உள்ளவருக்கு அது ஆபத்து. புளிக்காய்ச்சலுக்கு நல்லெண்ணெய், பொரிக்கத் தேங்காய் எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள், பழைய எண்ணெய் இருந்த வாணலியைச் சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகு. புளியோதரையில் நிலக்கடலை போடாமல் கடலைப்பருப்பும் முந்திரியும் போதும்.

அம்மா, 8.02
புது வாணலியே எடுக்கிறேன். எண்ணெயும் புதுப் புட்டி உடைக்கிறேன்.

பெரியம்மா, 8.10
அப்படியானால் கடைசிச் சாதத்துக்கு என்ன ஊற்றுவது?

அத்தை, 8.16
சொதி வைக்கிறேன் பெரியமதினி. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் மறுவீட்டு விருந்து என்றால் சொதிதான். அதில் பாலும் இல்லை, தயிரும் இல்லை. தாளிப்பில் நெய் விடுவோம், அன்றைக்குத் தேங்காய் எண்ணெய்.

பதினாறு பேருக்கு ஆறு தேங்காய். நல்ல முற்றிய காயாக அம்மாவை வாங்கிவைக்கச் சொல். மூன்று பால் எடுக்க வேண்டும். மூன்றாம் பாலில் கேரட், பீன்ஸ், உருளை, முருங்கை, சின்ன வெங்காயம் வேகும். பிறகு வெந்த பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும். முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துபோகும். எலுமிச்சை பிழிவது அடுப்பை விட்டு இறக்கி, ஆவி அடங்கிய பிறகுதான். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். தேங்காய் மந்தத்துக்கு இஞ்சி அவசியம், அதை விட்டுவிடாதீர்கள்.

பெரியம்மா, 8.30
வெள்ளையாக, குளிர்ச்சியாக ஒன்று சாதத்தில் விழுந்தால் போதும், எனக்குத் திருப்திதான். குடிக்க நான் பானகம் கரைக்கிறேன். வெல்லம், சுக்கு, ஏலம், எலுமிச்சை. அழகர் வருகிற வழியெல்லாம் பந்தல் போட்டு ஊற்றுவதுதானே. படுக்கப் போகும் முன் ஆளுக்கு ஒரு டம்ளர் பருத்திப்பால். மதுரைக்கு வந்தவர்கள் ஜிகர்தண்டா குடிக்க முடியாது, இதையாவது குடிக்கட்டும்.

மாமா, 8.33
பருத்திக்கொட்டை நான் வாங்கி வருகிறேன் அக்கா.

பெரியம்மா, 8.36
விதைப்புக்கு விற்பதை வாங்கிவிடாதே, மருந்து கலந்திருப்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் சமையலுக்கு என்று கேள். கால் கிலோ போதும். கருப்பட்டியும் ஒரு வட்டு.

*எதிர்சேவைக்கு மறுநாள்*

பெரியம்மா, காலை 11.20
ஆற்றங்கரையிலிருந்து வந்துவிட்டார்களா? கூட்டத்தில் யாரும் தவறவில்லையே?

நான், 11.34
வந்து குளித்துவிட்டு மூவரும் தூங்குகிறார்கள். தங்கக் குதிரை தண்ணீரில் இறங்கியபோது அவள் என் தோளைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது.

நேற்றுச் சாப்பாட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். மாடியில் பாய் விரித்து உட்கார்ந்ததும் அவள் பழக்கப்படி, ‘இதில் என்ன இருக்கிறது?’ என்று வடையைக் காட்டிக் கேட்டாள். அம்மா ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து, ‘வாழைப்பூ, எலுமிச்சைத் தண்ணீரில் போட்டது. எண்ணெய் தேங்காய் எண்ணெய். நெய்யும் தயிரும் அதோ அந்த ஸ்டூலில் இருக்கிறது, இந்தப் பக்கம் வராது. கடலை வீட்டுக்குள்ளேயே இல்லை’ என்று சொன்னார். அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. அவள் கணவர் சொதியை மூன்று முறை ஊற்றிக்கொண்டார். நம் ஆட்களில் நெய் ஸ்டூல் பக்கம் போனவர்கள் இரண்டே பேர், அப்பாவும் மாமாவும்.

மாமா, 11.36
நான் ஒரு முறைதான் போனேன். அடுத்த சாதத்துக்குச் சொதி போதும் என்று தோன்றியது.

அத்தை, 11.41
பருத்திப்பால் குடித்தார்களா?

நான், 11.43
இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினாள். முதலில் பால் என்று சொன்னதும் கையை இழுத்துக்கொண்டாள். பெரியம்மா பருத்திக்கொட்டையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அப்புறம்தான் வாங்கினாள்.

பெரியம்மா, 11.50
ஊருக்குப் புறப்படும்போது மிச்சக் கருப்பட்டியையும் ஜவ்வரிசி வடகத்தையும் பொட்டலம் கட்டிக் கொடு. வடகத்தைப் புது எண்ணெயில் பொரிக்கச் சொல். கூழ்வடக டப்பா பக்கத்திலேயே இருக்கிறது, மாற்றி எடுத்துவிடாதே, மூடியில் மஞ்சள் கயிறு கட்டியிருக்கிறேன்.

நான், 11.52
சரி பெரியம்மா. அத்தை, உங்கள் தூக்குச்சட்டி இங்கே இருக்கிறது. கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.