வேறு காட்டுப் புலி புது இடத்தில் தங்குமா?

முருகவேல்:
எங்கள் ஊரில் ஆடு தூக்கிய சிறுத்தையைப் பிடித்துத் தொலைவில் கொண்டுபோய் விட்டார்கள். கொஞ்ச நாளில் அது திரும்பிவிட்டது என்கிறார்கள். அப்படியென்றால், புலி அழிந்த காட்டில் வெளியூர்ப் புலியை விட்டால் நிலைக்குமா?

கானமயில்:
நிலைக்கும், ஆனால் கூண்டைத் திறந்ததோடு வேலை முடியாது. மத்தியப் பிரதேசத்துப் பன்னா புலிகள் காப்பகத்தைப் பாருங்கள். கள்ள வேட்டையால் 2009-இல் அங்கே ஒரு புலிகூட மிஞ்சவில்லை. அந்த மார்ச்சில் அதே மாநிலத்துக் காடுகளான பாந்தவ்கர், கான்ஹா இரண்டிலிருந்தும் தலா ஒரு பெண்புலி வந்தது. நவம்பரில் பெஞ்ச் காட்டிலிருந்து டி3 என்ற ஆண்புலி. சில நாளிலேயே அது கிளம்பிவிட்டது, தெற்கே, பெஞ்ச் இருக்கும் திசையில்! எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை. கழுத்துப்பட்டை ரேடியோவை நம்பி, ஊழியர்கள் யானைகளோடு வாரக்கணக்கில் பின்னாலேயே போனார்கள். டிசம்பர் 25 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அப்புறம் பெண்புலியின் சிறுநீரைக் காட்டில் தெளித்தார்கள். வாசம் பிடித்த டி3, டி1 என்ற பெண்புலியோடு சேர்ந்தது. 2010 ஏப்ரலில் குட்டிகள் பிறந்தன.

முருகவேல்:
சரி, எல்லா விலங்குக்கும் இதே பாடா?

வனஜா:
காட்டெருமை கூட்டமாக வாழ்வது. பாந்தவ்கரில் அது 1990-களில் மறைந்தது. அதனால் 2011-இல் கான்ஹாவிலிருந்து கூட்டமாகவே லாரியில் கொண்டுவந்து, முதலில் வேலிக்குள் வைத்துப் பழக்கி, பிறகே திறந்துவிட்டார்கள்.

கானமயில்:
உங்கள் ஊர்ச் சிறுத்தை கதையும் வேறு, முருகவேல். அதைத் தொல்லை என்று அகற்றினார்கள். பன்னாவில் புலி வேண்டும் என்று காத்தார்கள்.