மாதவிலக்கு வலிக்கு மாத்திரை: வலி வரும் முன்பா, தாங்க முடியாதபோதா?

நிலா_87: மாத்திரை போட்டால் ரத்தப்போக்கு குறைகிறது. "கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடும்" என்கிறார்கள். நிஜமா? எப்போது போடுவது?

கயல்: தங்காது. கர்ப்பப்பையின் உள்சவ்வு உரியும்போது சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்தான் தசையை முறுக்கிப் பிழிகிறது. இபுபுரோஃபென், மெஃபெனமிக் ஆசிட் என்ற வலி மாத்திரைகள் அது உருவாவதையே தடுக்கும். அதனால் அதிகப் போக்கு உள்ளவர்களுக்கு 20 முதல் 40 சதவீதம் வரை குறையும், அடைபட்டுக் கிடப்பதில்லை. சுரந்து தீர்ந்த பிறகு போட்டால் பாதி பலன்தான். லேசாக வலி பட்டதுமே முதல் மாத்திரை: இபுபுரோஃபென் 400, சாப்பிட்டதும், 8 மணி நேரத்துக்கொன்று. நாளைக்கு 1200 மி.கி. தாண்டக் கூடாது, இரண்டு மூன்று நாள் போதும்.

மருந்துக்கடை_முருகன்: கயல் மேடம், "பட்டதுமே" என்று நீங்கள் எழுதினால், படிப்பவர் "தேதிக்கு நாலு நாள் முன்பே" என்று எடுத்துக்கொள்வார். தேதி தவறுகிறவர்கள் பத்து நாள் விழுங்குவார்கள். வயிறு புண்ணாகும். ஆஸ்துமா, அல்சர், கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. டெங்கு சீசனில் காய்ச்சலோடு வயிற்று வலி என்றால் பாராசிட்டமால் மட்டும்தான். மெஃபெனமிக் ஆசிடுக்கு இந்திய மருந்துக்குறியீட்டு ஆணையம் 2023 நவம்பர் 30இல் எச்சரிக்கை விட்டது: காய்ச்சல், தோல் தடிப்பு, நெறிகட்டு. போட்டு இரண்டு முதல் எட்டு வாரம் கழித்து வருவதால், போன மாத மாத்திரையை யாரும் நினைப்பதில்லை.

கயல்: கவனிக்கச் சொன்னார்கள், தடை செய்யவில்லை. மிக அபூர்வம். பாராசிட்டமால் கர்ப்பப்பைப் பிடிப்பில் பலவீனம். வேறு எதுவும் போட முடியாதவர்களுக்கு அது. இதை எல்லோருக்கும் தருவதால்தான் "மாத்திரை கேட்காது" என்ற பேச்சு.

முருகன்: சரி, ஆனால் கடையில் கேட்பது "மெஃப்டால் ஸ்பாஸ் ஒரு அட்டை". அதில் மெஃபெனமிக் 250, தசைப்பிடிப்பைத் தளர்த்தும் டைசைக்ளோமின் 10. வாய் உலரும், கண் மங்கும். அதைப் போட்டுவிட்டு, வலி போகவில்லை என்று இபுபுரோஃபெனும் போடுகிறார்கள். இரண்டும் ஒரே இனம். வலி கூடுதலாக விடாது, இரைப்பைதான் கிழியும்.

செவிலி_தேவி: இரண்டு பேரும் விட்ட ஒன்று. கருத்தரிக்க முயல்கிறவர்கள் மாதவிலக்கு நாட்களில் போடலாம், சுழற்சியின் நடுவில் வேண்டாம். முட்டை வெளிவருவது தள்ளிப்போகலாம். ஆஸ்பிரின் போக்கைக் கூட்டும். திருவிழாவுக்குத் தேதி தள்ள இவை உதவாது, அதற்கான நாரெத்திஸ்டிரோன் ஹார்மோன், டாக்டர் சீட்டில்லாமல் வாங்காதீர்கள்.

நிலா_87: சரியாகப் போட்டும் கேட்கவில்லை என்றால்?

கயல்: மூன்று மாதம் பாருங்கள். பிறகும் அப்படியே இருந்தால், அல்லது உறவின்போது, மலம் கழிக்கும்போதும் வலித்தால், எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது) இருக்கிறதா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் அது இல்லையென்று ஆகாது.

முருகன்: இதில் மட்டும் ஒத்துப்போகிறேன். "முன்னாலேயே" சண்டை பாக்கி இருக்கு.