ஒரே பெயர், வேறு சுவை: மிட்டாயும் குளிர்பானமும் எல்லை தாண்டினால் ஏன் மாறுகின்றன?

கேள்வி: மீனாட்சிபுரம் கடைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்து மீனாட்சிபுரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, என் தந்தையார் தொடங்கிய பெட்டிக்கடையை இப்போது நான் நடத்திவருகிறேன். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருகிறவர் கடலை மிட்டாய் என்று கேட்பதையே கொல்லங்கோட்டுப் பக்கத்தார் கப்பலண்டி மிட்டாயி என்று கேட்பார்கள். நமக்குத் தேன் மிட்டாய் என்றால் அவர்களுக்குத் தேன் நிலாவு. ஆரஞ்சுச் சுளை போல வளைந்து, மேலே சர்க்கரை தூவிய மிட்டாயை நாரங்கா மிட்டாயி என்பார்கள். பன்னீர் சோடா கேட்பவர் பெரும்பாலும் தமிழ்நாட்டுக்காரராக இருப்பார். எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்ட சோடா கேட்பவர் பெரும்பாலும் கேரளத்துக்காரராக இருப்பார். இப்படிப் பெயரும் பழக்கமும் மாறுவதில் எனக்குக் குழப்பம் ஏதும் இல்லை. ஒரே பெயரும் ஒரே முத்திரையும் கொண்ட பண்டமே நாட்டுக்கு நாடு வேறு சுவையில் இருப்பதுதான் புரியவில்லை.

இந்த விடுமுறைக்கு என் தங்கை அமெரிக்காவிலிருந்து கணவரோடும் பத்து வயது மகளோடும் வந்திருக்கிறாள். அவர்கள் கொண்டுவந்த பெட்டியில் ‘ரூட் பியர்’ என்னும் பானம் நான்கு தகரக் குவளைகள் இருந்தன. பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். அதில் போதை எதுவும் இல்லை, குழந்தைகள் குடிப்பதுதான். என் தாயார் அதை ஒரு வாய் குடித்துவிட்டு, மூட்டு வலிக்குத் தேய்க்கும் தைலத்தைக் கரைத்துக் கொடுத்தது போல இருக்கிறது என்று கீழே வைத்துவிட்டார். அதே நாள் மாலையில் என் கடை நன்னாரி சர்பத்தைக் குடித்த மருமகளோ, இது வாயு இல்லாத ரூட் பியர் என்று சொல்லி இரண்டாவது குவளையும் வாங்கிக் குடித்தாள். பாட்டிக்குத் தைலமாகத் தெரிவது பேத்திக்கு எப்படி நன்னாரியாகத் தெரிகிறது?

இன்னும் இரண்டு ஐயங்கள் உண்டு. என் கடையில் இருக்கும் கோலா, தன் ஊரில் மெக்சிகோவிலிருந்து தருவித்துக் கூடுதல் விலைக்கு விற்கும் கண்ணாடிப் பாட்டிலின் சுவையில் இருக்கிறது என்கிறார் மைத்துனர். அடுத்தது ஊதா நிற மிட்டாய். மருமகளுக்கு அந்த நிறம் என்றால் திராட்சை; லண்டனில் இருந்து வந்த எதிர்வீட்டுப் பையனுக்கு அது வேறு ஏதோ ஒரு பழம். ஒரே உறையில் ஒரே நிறத்தில் வரும் மிட்டாய்க்கு எதற்காக இரண்டு பழங்கள்? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: கொழிஞ்சாம்பாறை, ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை

தம்பி, உங்கள் தாயாரும் மருமகளும் சொன்னவை இரண்டுமே சரி. ஒரே குவளைக்குள் இருக்கும் இரு வேறு மணங்களை ஆளுக்கொன்றாகப் பிடித்திருக்கிறார்கள்.

ரூட் பியர் என்பது வேர், பட்டை, இலை இவற்றின் சாறு சேர்த்துச் செய்த பழைய அமெரிக்கப் பானம். சார்ல்ஸ் ஹயர்ஸ் என்ற மருந்துக் கடைக்காரர் 1876-இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த பொருட்காட்சியில் இதை வைத்துப் பரப்பினார். சாசஃப்ராஸ் என்னும் மரத்தின் வேர்ப்பட்டைதான் அதற்கு முதன்மையான மணத்தைக் கொடுத்தது. அந்தப் பட்டையிலுள்ள சாஃப்ரோல் உடலுக்குத் தீங்கானது என்று கண்டு 1960-இல் உணவில் சேர்க்கத் தடை விதித்த பிறகு, வேறு மணப்பொருள்களைக் கொண்டு அதே சுவையை ஈடுகட்டினார்கள். அவற்றில் முக்கியமானது விண்டர்கிரீன் என்னும் செடியின் மணம். அதன் வேதியியல் பெயர் மெத்தில் சாலிசிலேட். நம் வீடுகளில் மூட்டுக்குத் தேய்க்கும் தைலத்திலும் களிம்பிலும் இருப்பது இதே பொருள்தான். ஐம்பது ஆண்டுகளாக அந்த மணத்தை வலியோடு சேர்த்தே அறிந்த ஒருவருக்கு அது தைலமாகத் தெரியாமல் இருந்தால்தான் வியப்பு.

மருமகள் பிடித்தது மற்றொரு மணம். அந்தக் காலத்து அமெரிக்கப் பானங்களில் சார்சபரில்லா என்ற கொடியின் வேரும் சேர்ந்தது. ஆங்கிலேயர் நம் நாட்டுக்கு வந்தபோது நன்னாரியை இந்தியச் சார்சபரில்லா என்றே எழுதிவைத்தார்கள். தாவரக் குடும்பத்தில் இரண்டுக்கும் உறவில்லை, மணத்தால் வந்த ஒப்பீடு அது. நன்னாரி வேரின் மணத்துக்குக் காரணமான 2-ஹைட்ராக்சி-4-மெத்தாக்சி பென்சால்டிஹைடு என்னும் பொருளில் உள்ள அணுக்களும் வெனிலாவின் வெனிலினில் உள்ள அணுக்களும் எண்ணிக்கையில் ஒன்றே. அடுக்கு மட்டும் வேறு. ரூட் பியரிலும் வெனிலா சேர்ப்பது வழக்கம். பத்து வயதுக் குழந்தையின் நாக்கு இதைக் கண்டுகொண்டது என்பதை நினைக்க எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருக்கிறது.

இனி கோலாவுக்கு வருவோம். பெரிய நிறுவனங்கள் நாடு நாடாக அனுப்புவது பெரும்பாலும் செறிவு, அதாவது தண்ணீர் கலக்காத கெட்டிச் சாறு மட்டுமே. தண்ணீரும் சர்க்கரையும் அந்தந்த ஊரில் சேர்வன. நம் பகுதிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில் 2000-இல் தொடங்கிய குளிர்பான ஆலை நிலத்தடி நீரைத்தான் நம்பியிருந்தது; கிணறுகள் கெட்டதை எதிர்த்து 2002-இல் மயிலம்மா முதலான பழங்குடிப் பெண்கள் முன்நின்று நடத்திய போராட்டத்துக்குப் பின், 2004 மார்ச்சில் அந்த ஆலை நின்றது. பாட்டிலில் வெளியூர்ப் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பதில் பெரும்பங்கு உள்ளூர்த் தண்ணீரே.

சர்க்கரையும் அப்படித்தான். அமெரிக்காவில் வெளிநாட்டுச் சர்க்கரைக்குக் கட்டுப்பாடு இருந்ததாலும் மக்காச்சோளம் மலிவாகக் கிடைத்ததாலும், 1980-களில் அங்குள்ள கோலா நிறுவனங்கள் கரும்புச் சர்க்கரையை விட்டு மக்காச்சோளப் பாகுக்கு மாறிவிட்டன. மெக்சிகோவிலிருந்து அங்கே வரும் கண்ணாடிப் பாட்டிலில் கரும்புச் சர்க்கரை இருக்கிறது. நம் நாட்டுப் பாட்டிலிலும் அதுவே. மைத்துனரின் நாக்கு சொன்னது அந்த ஒற்றுமையைத்தான்.

மறுமொழி 2: வளைகுடாவில் 18 ஆண்டுகள் (ஆந்திரத்துச் சித்தூர் அல்ல, பாலக்காட்டுச் சிற்றூர்)

ஆசிரியை அம்மா சொன்னதில் ஒரு சிறு திருத்தம் சொல்ல விரும்புகிறேன், தவறாக எண்ண வேண்டாம். கரும்புச் சர்க்கரையும் புளிப்பான கோலாவுக்குள் நாளடைவில் குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் பிரிந்துவிடும். மக்காச்சோளப் பாகில் இருப்பவையும் அவை இரண்டுதான். ஆகவே சர்க்கரையின் வேறுபாடு நாம் நினைக்குமளவு பெரியதன்று. கண்ணாடிப் பாட்டில் வாயுவை வெளியே விடாது, பிளாஸ்டிக் பாட்டில் மெல்ல மெல்ல விட்டுவிடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். துபாயில் பானக் கிடங்கில் வேலை பார்த்த காலத்தில், வெயிலில் நின்ற வண்டியிலிருந்து இறக்கிய பிளாஸ்டிக் பாட்டிலையும் அதே வாரத்துக் கண்ணாடிப் பாட்டிலையும் குளிரவைத்து அடுத்தடுத்துக் குடித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்று நாக்கில் குத்தியது, மற்றது வெறும் இனிப்பாக இறங்கியது.

அண்ணா கேட்ட ஊதா மிட்டாய்க்கு விடை ஒரு மர நோயில் இருக்கிறது. எதிர்வீட்டுப் பையன் சொல்லும் பழம் பிளாக்கரண்ட். இங்கிலாந்தில் தோட்டந்தோறும் காய்க்கும் கறுப்பு நிறச் சிறு பழம். வெள்ளைப் பைன் மரங்களைக் கொல்லும் ஒருவகைத் துரு நோய் இந்தச் செடியில் தங்கிப் பரவுகிறது என்பதால், மர வியாபாரத்தைக் காக்க அமெரிக்க அரசு 1911-இல் இதை வளர்க்கத் தடை விதித்தது. நடுவணரசின் தடை 1966-இல் நீங்கியது என்றாலும், அதற்குள் இரண்டு தலைமுறைகள் அந்தப் பழத்தின் சுவையை அறியாமலே வளர்ந்துவிட்டன. அதனால் அங்கே ஊதா என்றால் திராட்சை, இங்கிலாந்தில் ஊதா என்றால் பிளாக்கரண்ட். நமக்கு ஊதா என்றால் பொவண்டோ நினைவுக்கு வருகிறது, அதுவும் திராட்சைச் சுவைதான். 1916-இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் அந்தப் பானத்தை ஒவ்வொரு விடுமுறையிலும் ஊருக்கு வந்த முதல் நாளே வாங்கிக் குடிப்பேன்.

வளைகுடாவில் அந்த இடத்தில் இருப்பது விம்டோ. திராட்சை, ராஸ்ப்பெரி, பிளாக்கரண்ட் மூன்றும் மசாலா மணத்தோடு சேர்ந்த செறிவு அது. 1908-இல் மான்செஸ்டரில் உடல்நல டானிக்காகப் பிறந்தது. இன்று அரபு நாடுகளில் நோன்பு மாதத்தில் மாலை நோன்பு திறக்கும்போது அது இல்லாத வீட்டைக் காண்பது அரிது. எங்கள் அறையில் இருந்த மலப்புரத்து நண்பர் பேரீச்சம்பழத்தின் பக்கத்தில் அதைக் கரைத்து வைப்பார். நோன்பு இல்லாத எனக்கும் முதல் குவளையை நீட்டுவார்.

அரசின் வரியும் சுவையை மாற்றும். பிரிட்டனில் 2018 ஏப்ரலில், 100 மில்லிக்கு 5 கிராம் அல்லது அதற்குமேல் சர்க்கரை உள்ள பானத்துக்குத் தனி வரி வந்தது. அந்த வரியைத் தவிர்க்கப் பல நிறுவனங்கள் சர்க்கரையை 5 கிராமுக்குக் கீழே இறக்கி, செயற்கை இனிப்பைச் சேர்த்தன. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2017 அக்டோபரில் வாயு பானத்துக்கு 50 விழுக்காடு, ஊக்க பானத்துக்கு 100 விழுக்காடு வரி வந்தது. அங்கே அப்போது சர்க்கரை அளவைப் பார்க்காமல் விலைமீது போட்டதால், ஏறியது விலை மட்டுமே.

மறுமொழி 3: புத்தூர், ஆந்திரம்

நாங்கள் நகரி, புத்தூர் வட்டாரத்துத் தமிழர்கள். இங்கே நன்னாரி என்றும் சுகந்தி என்றும் கேட்பார்கள். ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். நன்னாரிக்கு உரிய அதே மணப்பொருள் மாகாளிக்கிழங்கிலும் இருக்கிறது. தெலுங்கில் அதன் பெயர் மாரேடு கொம்மு. அதையும் சர்பத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். எங்கள் வீட்டில் அதே கிழங்கை நடுநரம்பு நீக்கி, நறுக்கி, எலுமிச்சைச் சாற்றிலும் தயிரிலும் ஊறுகாய் போட்டுத் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்வோம். அடுத்த வீட்டுத் தெலுங்குக் குழந்தைக்கு அந்த ஊறுகாயைக் கொடுத்தால், சுகந்தி சோடாவில் யாரோ மிளகாயைப் போட்டுவிட்டார்கள் என்று முகம் சுளிக்கிறாள்.

மறுமொழி 4: களியக்காவிளை, கப்பல் சமையலர்

பின்லாந்துத் துறைமுகத்தில் எனக்குக் கொடுத்த கறுப்பு மிட்டாயைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. சல்மியாக்கி என்று அதற்குப் பெயர். அதிமதுரத்தோடு அம்மோனியம் குளோரைடு சேர்ந்தது. அந்த வேதியியல் பெயரை நம் மொழியில் சொன்னால் நவச்சாரம். சிறுவயதில் ஈயம் பூசுகிறவர் எங்கள் தெருவில் பித்தளைப் பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவிப் பஞ்சால் தேய்க்கும்போது வெண்புகை எழும்பி மூக்கைத் துளைக்கும். அந்த மிட்டாயை வாயில் போட்டதும் அடுத்த நொடியே அந்தத் தெருவில் நின்றேன். கொடுத்த துறைமுகத் தொழிலாளி அதைத் தன் பிள்ளைகளுக்கென்று பை நிறைய வாங்கிவைத்திருந்தார்.

மாறாகவும் ஒரு முறை நடந்தது. ஜப்பானில் ராமுனே என்ற பானத்தை வாங்கியபோது, கழுத்தில் கோலி வைத்த நம் கோலி சோடா பாட்டிலே கையில் இருந்தது. ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. அவருடைய நாட்டில் மறைந்துபோய், நம் நாட்டிலும் ஜப்பானிலும் தங்கிவிட்டது. கோலியை உள்ளே தள்ளும் முறையைக் கடைக்காரர் எனக்குச் சைகையால் விளக்கத் தொடங்கும் முன்பே கட்டைவிரலால் அழுத்தித் திறந்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு பாட்டிலைக் காசு வாங்காமல் கொடுத்தார்.

மீனாட்சிபுரம் கடைக்காரர் (இரண்டு நாள்களுக்குப் பின்)

ஆசிரியை அம்மா, சிற்றூர்த் தம்பி, புத்தூர்க்காரர், களியக்காவிளை அண்ணா, உங்கள் அனைவருக்கும் நன்றி. நீங்கள் எழுதியதை வீட்டில் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். பிறகு என் தாயாரைக் கண்ணை மூடச் சொல்லி, நன்னாரி வேரை நசுக்கி ஒரு தட்டிலும், ரூட் பியரை வாயு போகும்வரை கலக்கி ஒரு கிண்ணத்திலும் வைத்து, முகர்ந்து பார்க்கச் சொன்னேன். வேரை உடனே சொல்லிவிட்டார். கிண்ணத்தை இரண்டு முறை முகர்ந்து, “முதலில் தைலம், அப்புறம் அடியில் நம்ம வேர் மாதிரி ஒண்ணு வருது” என்றார். ஆனால் குடிக்கச் சொன்னபோது மறுத்துவிட்டார்.

கோலாவைப் பற்றித் தம்பி சொன்ன திருத்தத்தையும் சோதித்தோம். என் கடைக் கண்ணாடிப் பாட்டிலையும் பிளாஸ்டிக் பாட்டிலையும் ஒரே பனிப்பெட்டியில் ஓரிரவு வைத்து, எது எதுவென்று சொல்லாமல் மைத்துனருக்குக் கொடுத்தேன். இரண்டிலும் ஒரே கரும்புச் சர்க்கரைதான் என்றாலும், மெக்சிகோ பாட்டில் போல இருக்கிறது என்று அவர் சுட்டிக்காட்டியது கண்ணாடிப் பாட்டிலை மட்டுமே. அம்மா, தம்பி சொன்ன காரணத்துக்கும் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மருமகள் வெள்ளிக்கிழமை புறப்படுகிறாள். ஒரு கைப்பிடி நன்னாரி வேரைக் கழுவிக் காயவைத்துத் தரும்படி கேட்டாள். அந்த ஊர் விமான நிலையத்தில் காய்ந்த வேரை உள்ளே விடுவார்களா என்பது தெரிந்த யாராவது அதற்குள் எழுதினால் உதவியாக இருக்கும். அதுவரை, பாட்டி கோடைக்குச் செய்வது போல, மண்பானைத் தண்ணீரில் இரண்டு வேரைப் போட்டுவைத்து, மணி நேரத்துக்கு ஒரு முறை மூடியைத் திறந்து முகர்ந்துகொண்டிருக்கிறாள்.