மரணக் கிணறு பதிவான பழைய கசெட்டில் பூஞ்சணம்: கொழும்பில் யாரிடம் கொடுக்கலாம்?

அப்பா 1993இல் எடுத்த வீடியோ கசெட் ஒன்று என்னிடம் இருக்கிறது. சோனி 8 மில்லிமீட்டர், பி5-90. தெஹிவளையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் நடந்த கானிவேல் அதில் இருக்கிறது. அந்த மைதானத்தில் இப்போது மாடிவீடுகள்தான்.

முக்கியமாக, மரணக் கிணறு. பலகைச் சுவரில் மோட்டார் சைக்கிள் மேலே ஏற ஏற, நாங்கள் நின்ற தட்டே ஆடும். இடையில் ஒரு கம்பிதான். நான் 10 ரூபாத் தாளை நீட்ட, ஓட்டுபவர் கையை விட்டுப் பறித்துக்கொண்டு போவார். "கையை உள்ளே எடு பிள்ளை" என்று அப்பா கத்துவது அதில் பதிவாகியிருக்கிறது. அவர் இப்போது இல்லை. அவருடைய குரல் வேறு எதிலும் இல்லை.

கசெட்டின் சின்ன ஜன்னலால் பார்த்தால், நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம். மூன்று மாதத்துக்கு முன்புதான் கண்டேன். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இரண்டு கடைகளில் கேட்டேன், 8 மில்லிமீட்டர் ஓட்டும் கருவியே இல்லை என்றார்கள். பம்பலப்பிட்டியில் ஒருவர், சுத்தம் செய்யாமலே போட்டுப் பார்ப்போம் என்றார். சரி வராது என்று திருப்பி வாங்கிவிட்டேன். அப்படி ஓட்டினால் பூஞ்சணம் கருவியில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டும், நாடாவும் அறுந்துபோகலாம். எங்கள் ஹேண்டிகேம் வீடியோ கமராவும் எப்போதோ பழுது. இப்போது கசெட்டை சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன்.

பூஞ்சணம் பிடித்த 8 மில்லிமீட்டர் நாடாவைக் கையால் சுத்தம் செய்து கணினிக்கு மாற்றித் தருபவர் கொழும்பிலோ பக்கத்திலோ யாராவது இருக்கிறார்களா?